ரிசப்ஷனுக்கு ‘ஊர் வம்பு பாட்டு’ புக் பண்ணோம் – அஞ்சுக்கு மூணரை ஸ்டார்

மொதல்லயே சொல்லிர்றேன், குரூப் பேரு போட மாட்டேன், கமெண்ட்ல வந்து கேக்காதீங்க. இதுல கொறையும் இருக்கு நெறையும் இருக்கு, கொறைய எழுதி ஒருத்தவங்க பொழப்புல மண்ணள்ளிப் போட எனக்கு இஷ்டமில்ல. ஆனா இந்த சீசன்ல மதுரைப் பக்கம் கல்யாணம் காதுகுத்து வச்சிருக்கவங்க யாராச்சும் இந்த ஐட்டத்த புக் பண்ணலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருப்பீங்க, அவங்களுக்காக எழுதுறேன். நான் விசாரிச்ச மூணு லைட் மியூசிக் குரூப்புல ரெண்டுல இந்த பாட்ட பேக்கேஜ்ல வச்சிருக்காய்ங்க.

விஷயம் என்னன்னா, என் தங்கச்சி கல்யாணம். நாங்க மதுரை, மாப்ள வீடு பொள்ளாச்சி. ரெண்டு ஊர் ஆளுங்களும் ஒரே மண்டபத்துல உக்காரப் போறாங்க, வெறுமனே சினிமா பாட்டா பாடிக்கிட்டு இருந்தா அங்கிட்டு பாதி இங்கிட்டு பாதின்னு தனித்தனியா செல்போன பாத்துக்கிட்டு உக்காந்துருவாங்கன்னு எனக்கு பயம். அப்பத்தான் அந்த குரூப் மேனேஜர் தம்பி சொன்னாப்ல, “அக்கா, ஊருக்கு ஊரு கலாய்க்கிற காமெடி பாட்டு ஒண்ணு இருக்குக்கா, உங்க பேமிலிக்கு தக்கன மாத்தி எழுதித் தருவோம், மண்டபமே விழுந்து விழுந்து சிரிக்கும்”னு. மூணு மணி நேர புரோகிராம் 48,000, இந்த பாட்டுக்கு தனியா 4,000. அட்வான்ஸ் பத்தாயிரம் ஜிபேல போட்டேன்.

வாட்ஸ்அப்ல ஒரு பன்னெண்டு கேள்வி அனுப்புனாய்ங்க. மாப்ள ஊரு, பொண்ணு ஊரு, தாய்மாமன் பேரு, ரெண்டு வீட்டுலயும் யாரு கோவக்காரங்க, யாரு மைக் குடுத்தா விட மாட்டாங்க, இப்பிடி. இது நல்லாத்தான் இருந்துச்சு, நானும் ராத்திரி உக்காந்து பக்கம் பக்கமா டைப் பண்ணி அனுப்புனேன். கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடி பாட்டு வரிகள அனுப்பச் சொல்லி வாங்கிப் பாத்தேன், அதுலதான் மொத அடி. நான் எழுதிக் குடுத்ததுல பேரு மட்டும் எடுத்து ஒட்டிருக்காய்ங்க, மிச்சமெல்லாம் எல்லா கல்யாணத்துக்கும் பாடுற அதே ரெடிமேட்.

கூடவே ஒரு சரணத்துல ஒரு வரி ஊரக் கிண்டல் பண்றேன்னு சொல்லி நேரா சாதிக்குள்ள போகுது. பாடுறவனுக்கு அது சும்மா எதுகை மோனை, கேக்குறவனுக்கு அப்பிடி இல்லயே, அதுவும் நம்ம தென் மாவட்டத்துல. உடனே போன் போட்டு எடுக்கச் சொன்னேன். மேனேஜர் தம்பி ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம “எடுத்துர்றோம்க்கா, நீங்க சொன்னதும் நல்லதுதான்”னு எடுத்துட்டாப்ல. அதுக்கு அரை ஸ்டார் சேத்தே குடுத்துருக்கேன். புக் பண்றவங்க தயவுசெஞ்சு வரிகள முன்னாடியே வாங்கிப் படிச்சிருங்க, மேடையில வச்சுத் தெரிஞ்சுக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப பாட்டுக்கு வர்றேன். ஆறு சரணம், ஆறு ஊரு. சென்னை, கோயமுத்தூர், நெல்லை, தஞ்சாவூர், சேலம், கடைசியா மதுரை. மெட்டு கிராமிய மெட்டு மாதிரி, கீபோர்டும் ரிதம் பேடும் போட்டு நல்லாத்தான் எடுப்பா இருந்துச்சு. ஆனா உள்ள இருக்க சரக்கு? சென்னைன்னா வெயிலு, டிராபிக்கு, தண்ணி லாரி. நெல்லைன்னா அல்வா, அதுவும் ‘அல்வா குடுக்குறது’ங்கிற அரதப் பழசு. சேலத்துக்கு மாம்பழம். தஞ்சாவூருக்கு தலையாட்டி பொம்மை, அதோட முடிஞ்சுபோச்சு. மதுரைன்னா அருவா, டாட்டா சுமோ, மீசை. ஏப்பா, நாங்க மண்டபத்துல சமோசா சாப்புட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம், எங்க சித்தப்பா எல்ஐசி ஏஜெண்டு, அவர் வீட்ல தேங்கா வெட்டுற அருவா கூட மொக்கையாத்தான் கெடக்கு. சினிமாவ பாத்து மதுரைய தெரிஞ்சுக்கிட்ட வெளியூர்க்காரன் எழுதுனா கூட பரவால்ல, இத எழுதுனவன் மதுரைக்குள்ளயே, கரிமேட்டுல குடியிருக்கான்!

பருத்திப்பால் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு சூடா இட்லி ஊத்துற கடை இல்ல, நாலு மாசி வீதியில ஒரு வண்டி நிறுத்த நாப்பது நிமிஷம் சுத்துறது இல்ல. ஜிகர்தண்டா மட்டும் நாலு எடத்துல வருது. 2017ல வைகை அணையில மெதந்த தெர்மாகோலும் வருது, அதுக்கு கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, மறுக்க மாட்டேன், அந்த ஜோக்குக்கு மட்டும் எக்ஸ்பைரி தேதியே கெடையாது போல.

நல்ல வரி இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது. கோயமுத்தூர் சரணம் ஆரம்பமே இப்பிடி:

ஏனுங்க ஏனுங்க கோயமுத்தூர் ஏனுங்க
எங்க ஊருல பொண்ணெடுக்க இம்புட்டு தூரம் ஏனுங்க

மொத ‘ஏனுங்க’ அவங்க கூப்புடுற ஏனுங்க, கடைசி ‘ஏனுங்க’ ஏன்னு கேக்குற ஏனுங்க. இதுக்கு மாப்ள பக்கம் மொத வரிசையே கைதட்டுச்சு. அதோட விட்டிருக்கலாம். அதே ‘ஏனுங்க’வ இன்னும் பதினெட்டு தடவ போட்டு (எங்க சித்தப்பா எண்ணுனாரு) நசநசன்னு ஆக்கிட்டாய்ங்க.

அப்பறம் வந்துச்சு பாருங்க ஏழரை. நான் ஃபார்ம்ல தெளிவா ‘பொள்ளாச்சி’ன்னுதான் எழுதிருந்தேன். பாட்டுல எல்லா எடத்துலயும் கோயமுத்தூர். பக்கத்துல உக்காந்திருந்த மாப்ளையோட அம்மிச்சி, அதாவது அம்மாவப் பெத்த பாட்டி, எங்கிட்ட குனிஞ்சு, “ஏன் கண்ணு, நாங்கென்ன கோயமுத்தூரா? பொள்ளாச்சி கண்ணு”ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா அதுல இருந்த அழுத்தம் இருக்கே! எனக்கு நல்லா புரிஞ்சுச்சு, ஏன்னா எங்க பெரியம்மா வீடு மேலூர், அவங்கள யாராச்சும் மதுரைக்காரங்கன்னு சொன்னா “மேலூரு”ன்னு திருத்திட்டுத்தான் மறுவார்த்தை பேசுவாங்க. வெளியூர்ல இருந்து பாத்தா ஒரே ஊரு, உள்ள வந்து பாத்தா ஒம்போது ஊரு.

பாடுற தம்பிக்கு இந்த தகவல் எப்பிடியோ போயிருச்சு, ஒடனே சமாளிக்கிறேன்னு மைக்குல, “ஓ பொள்ளாச்சியா, அப்ப பாதி கேரளா, சேட்டா சேச்சி எல்லாரும் வாங்க”ன்னுட்டான். அவ்வளவுதான். மாப்ளையோட பெரியப்பா மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவரு தென்னந்தோப்பு வச்சிருக்காரு, தண்ணி விஷயத்துல எல்லைக்கு அந்தப் பக்கத்தோட பல வருஷமா மனத்தாங்கல் இருக்க ஏரியா, ஆழியாறு பரம்பிக்குளம்னு பேச்செடுத்தா அவரு ராத்திரி பூரா பேசுவாரு, அவர்ட்ட போயி நீ பாதி கேரளான்னா? அந்த வரிசையில கைதட்டல் நின்னுபோச்சு. எங்கப்பா என்னயத் திரும்பிப் பாத்தாரு. அந்த பார்வைய 4,000 ரூவா குடுத்து நானே வாங்குனேன்.

காப்பாத்துனது டோலக் அடிக்கிற அண்ணன். அவருக்கு வயசு அறுவது இருக்கும், தலையில டை, நெத்தியில விபூதி, அது வரைக்கும் ஓரமா உக்காந்து ரிதம் பேடுக்கு பின்னாடி பத்தோட பதினொண்ணா அடிச்சிக்கிட்டு இருந்தாரு. கையக் காட்டி கீபோர்ட நிறுத்தச் சொன்னாரு. மைக்க வாங்கி, “அம்மிச்சி, சின்னப்பய தெரியாமச் சொல்லிப்புட்டான், நீங்க எங்க ஊரப் பத்தி ரெண்டு வாங்கு வாங்குங்க, கணக்கு சரியாப் போகும்”னாரு. ‘பாட்டி’ங்கல, ‘அம்மிச்சி’ங்கறாரு. அந்த ஒரு வார்த்தையிலயே பொள்ளாச்சிப் பக்கம் பாதி எறங்கி வந்துருச்சு. அம்மிச்சி மொதல்ல “ஐயே, நானெங்க”ன்னு சேலைய இழுத்து விட்டுக்கிட்டாங்க, அப்பறம் “சரி, அந்த மைக்க இக்கட்ட குடு சாமி”ன்னு வாங்கி, உக்காந்த எடத்துலயே, சுருதி கிருதி ஒண்ணும் கேக்காம, வயக்காட்டுப் பாட்டு மெட்டுல எடுத்து விட்டாங்க:

ஆத்தங்கரை ஊருன்னீங்க ஆசையா வந்தேன் சம்பந்தி
ஆட்டுக்குட்டி மேயுதுங்க ஆத்துக்குள்ள சம்பந்தி

மண்டபம் வெடிச்சிருச்சு. நெசமாவே வரும்போது ஆல்பர்ட் விக்டர் பாலத்துல வேன் டிராபிக்ல நின்னுருக்கு, ஜன்னல் வழியா கீழ பாத்துருக்காங்க. சிரிச்சதுல முக்காவாசிப் பேரு எங்க பக்கத்து ஆளுங்கதான், வைகையில தண்ணி வந்தா ஆபீஸ் போறவன் கூட வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊருல்ல நம்ம ஊரு, நமக்குத் தெரியாதா. டோலக் அண்ணன் சிரிப்பு அடங்குற வரைக்கும் சும்மா ஒரு நடைய மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்தாரு, அடங்கவும் எடுத்தாரு:

ஆடு மேயுற ஆத்துலதான் அழகர் வந்து எறங்குறாக
அவுக வாற தேதி கேட்டு அணையத்தான தொறக்குறாக

விட்டாரா? விடல. பொள்ளாச்சி வேன் பழனியில கூட்டத்துல மாட்டி ஒன்ற மணி நேரம் லேட்டு, அத யாருகிட்டயோ விசாரிச்சு வச்சிருக்காரு. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகரே லேட்டாத்தான் வந்தாரு, கோவிச்சிக்கிட்டு ஊருக்குள்ள வராம திரும்பிப் போனாரு, நீங்க லேட்டா வந்தாலும் உள்ள வந்து பந்தியில உக்காந்துட்டீங்க, அழகர விட நல்ல மனசுன்னு பாட்டுலயே முடிச்சாரு. பெரியப்பா எந்திரிச்சு வந்து ஐநூறு ரூவாய அவரு சட்டைப் பையில வச்சாரு. இந்த ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாடுனது ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அந்த பத்து நிமிஷத்துக்கு நான் 4,000 இல்ல, பத்தாயிரம் கூட குடுப்பேன்.

அப்பறம் சாப்பாட்டு நேரத்துல அவரப் போயி பாத்து பேசுனேன். அண்ணன் இருவது வருஷத்துக்கு மேல ஸ்பெஷல் நாடகத்துல வாசிச்சவராம். அதான பாத்தேன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச நாடகமெல்லாம் எங்க பக்கத்து திருவிழாவுல இன்னைக்கும் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும், மொதல்ல பபூன் வருவாரு, வந்ததும் எந்த ஊரு மேடையோ அந்த ஊரப் புகழுவாரு, கொஞ்ச நேரத்துல பக்கத்து ஊர வம்புக்கு இழுப்பாரு, அப்பிடியே திரும்பி உள்ளூர்க்காரனையும் ஒரு போடு போடுவாரு. இதுல எதுவும் எழுதி வச்சுப் பாடுறதில்ல. “சாயங்காலமே போயிருவோம்மா, டீக்கடையில உக்காந்து நாலு பேருகிட்ட பேச்சுக் குடுத்தாலே போதும், ஊருக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுபோகும், ராத்திரி அதையே திருப்பிக் குடுத்துருவோம்”னாரு. பன்னெண்டு கேள்வி வாட்ஸ்அப் ஃபார்ம்ல கெடைக்காதது அந்த டீயில கெடைக்குது. இந்த குரூப்பு இம்புட்டு பெரிய ஆள டோலக்குக்கு பின்னாடி ஒளிச்சு வச்சிட்டு, ரெடிமேட் பாட்டுக்கு காசு வாங்குதுங்கிறதுதான் என்னோட பெரிய வருத்தம்.

இன்னொண்ணும் சொன்னாரு. மதுரைக்குள்ளயே இல்லாத போட்டியா, தேனூர்க்காரவுககிட்ட கேட்டுப் பாருங்கன்னாரு. முன்னாடி அழகர் தேனூர்லதான் ஆத்துல எறங்குனாரு, திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாத்துனாருன்னு சொல்லுவாங்கல்ல, அந்த ஊர்ல போயி வாசிச்சா மொத பாட்டே அதத்தான் பாடணுமாம், பாடலைன்னா டோலக்கு வெளிய வராதாம்!

பாட்டு முடிஞ்சாலும் வம்பு முடியல, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பந்தியில எங்கப்பாவும் மாப்ள பெரியப்பாவும் எதிரெதிர. அப்பா ஆரம்பிச்சாரு, “எங்களுக்கு ஹைகோர்ட்டு கிளை 2004லயே ஒத்தக்கடையில வந்துருச்சு, நீங்க இன்னும் கேஸுன்னா சென்னைக்குத்தான ஓடணும்”னு. பெரியப்பா ரசத்த உறிஞ்சிக்கிட்டே, “எங்கூர்ல மில்லு, பட்டறைன்னு வேலை இருக்குதுங்க, கேஸ் போட நேரமில்லீங்க”ன்னாரு. அப்பா விடாம, மாநகராட்சி ஆனது நாங்க 1971, உங்க கோயமுத்தூரு 1981, பத்து வருஷம் மூத்தவங்க நாங்கன்னாரு. அதுக்கு அவரு, “மூத்தவங்கதான், ஒத்துக்கறனுங்க. அந்த எய்ம்ஸ் ஆஸ்பத்திரி எந்தப்பக்கமுங்க? 2019லயே அடிக்கல் நாட்டுனாங்களே, வந்ததுக்கு ஒரு எட்டு பாத்துட்டு போலாம்னு”ன்னாரு. எங்கப்பா எலையப் பாத்துக்கிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டாரு.

அந்த நேரத்துல என் தம்பி நடுவுல புகுந்து மெட்ரோ பேச்ச எடுத்தான். ரெண்டு ஊரு மெட்ரோ திட்ட அறிக்கையையும் டில்லி 2025 நவம்பர்ல சேத்தே திருப்பி அனுப்புச்சுல்ல, 20 லட்சம் ஜனத்தொகை இல்லைன்னு. சட்டுனு ரெண்டு பெருசும் ஒரே பக்கம் ஆயிட்டாங்க. சென்னைக்கு மட்டும் 2015லேர்ந்து ஓடுது, நமக்குன்னா ஆளு பத்தலையாம், அப்ப இந்த முகூர்த்த நாள்ல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறதெல்லாம் யாருன்னு எங்கப்பா கேக்க, காந்திபுரத்துல நிக்கிறதெல்லாம் யாருங்கன்னு அவரு கேக்க, பாயாசம் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டாங்க. எங்க பக்கம் வந்திருந்த ஒரே சென்னைக்காரரு, என்னோட மச்சினரு, பாவம், அப்பளத்த நொறுக்கிக்கிட்டு அமைதியா இருந்தாரு.

பொம்பளைங்க பக்கம் வேற சண்ட. எங்கத்தை பூவ குடுத்து “மதுரை மல்லிம்மா, 2013லயே புவிசார் குறியீடு வாங்குனது, வச்சுப் பாருங்க”ன்னு பெருமையா சொல்ல, அந்தப் பக்கத்து அக்கா ஒருத்தவங்க மோந்து பாத்துட்டு, “நல்லாருக்குதுங்க, எங்க சத்தியமங்கலம் மல்லி மாதிரியேங்க”ன்னாங்க. மாதிரியேவா! எங்கத்தை அன்னைக்கு ராத்திரி தூங்குனாங்களான்னு தெரியல. மறுநாள் வெள்ளன முகூர்த்தத்துக்கு முன்னாடி ரெண்டு பூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது சாயங்காலம் வரைக்கும் வாடாம இருக்குன்னு பந்தயமே நடந்துச்சு. சாயங்காலம் ரிசல்ட்டு கேட்டா, ரெண்டையும் சின்னப் புள்ளைங்க பிச்சுப் போட்டுருச்சுங்க.

ஒண்ண கவனிச்சேன். இந்த கிண்டலுக்கே ஊருக்கு ஒரு பேரு. நமக்கு லந்து, ரவுசு. அவங்களுக்கு குசும்பு, லொள்ளு. சென்னைல கலாய்க்கிறது, ஓட்டுறது. லந்துன்னா நாலு பேருக்கு கேக்குற மாதிரி சத்தமா குடுக்கணும், குசும்பு அப்பிடி இல்ல, மரியாதையா ‘ங்க’ போட்டு மெதுவா சொல்லிட்டுப் போயிருவாங்க, நமக்கு வீட்டுக்கு வந்து படுத்த பெறகுதான் ஒறைக்கும். அந்த எய்ம்ஸ் மேட்டர் அப்பிடித்தான். பாட்டு எழுதுன தம்பி ரெண்டு ஊருக்கும் ஒரே லந்த குடுத்ததுதான் தப்பு.

சரி, சர்வீஸ் பத்தி மிச்சத்த சொல்லிர்றேன். ஆறரைக்கு வர்றேன்னுட்டு ஏழு பத்துக்கு வந்தாய்ங்க. சவுண்டு ஓவர். மேடையோட இடது ஸ்பீக்கர மொய் எழுதுற டேபிளுக்கு நேரா வச்சிட்டாய்ங்க, எங்க மாமா காதுல ஒண்ணும் விழாம ‘செல்வம்’ங்கிறத ‘செல்லம்’னு எழுதி, ‘ஆயிரத்து ஒண்ணு’ங்கிறத ‘ஐநூத்தி ஒண்ணு’ன்னு எழுதி, இப்ப அந்த ஐநூறுக்கு ஒரு வீட்டுல மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. மொய் நோட்டுக்கு பக்கத்துல ஸ்பீக்கர் வைக்காதீங்கன்னு நீங்களே நின்னு பாத்துக்கங்க. பாடுற பொண்ணுங்க ரெண்டு பேரும் அருமையான கொரலு, பழைய பாட்டெல்லாம் சுத்தமா பாடுனாங்க, குறையே இல்ல. சாப்பாடு அவங்களுக்கும் சேத்து நாமதான் குடுக்கணும், எட்டு பேருன்னு சொல்லிட்டு பதினோரு பேரு வந்தாங்க, அது பரவால்ல, சாப்புட வந்தவங்கள எண்ணக் கூடாது.

வீடியோ ரெக்கார்டிங் பேக்கேஜ்ல கெடையாது, தனியா 2,000. நான் வேணாம்னுட்டேன், அந்த ரெடிமேட் பாட்ட யாரு திரும்பக் கேக்கப் போறான்னு. இப்ப தலையில அடிச்சிக்கிறேன். என் தம்பி செல்லுல எடுத்ததுல அம்மிச்சி பாடுறது பாதி தெரியுது, மிச்சம் பூரா எங்க சித்தப்பா முதுகு.

புக் பண்றவங்க அந்த ஆறு சரணத்த வேணாம்னு சொல்லிட்டு, டோலக் அண்ணன் வருவாரான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க. இந்த குரூப்புன்னு இல்ல, எந்த குரூப்புலயும் நாடக மேடை பாத்த ஆளு ஒருத்தர் ஓரத்துல உக்காந்து ஏதாச்சும் வாசிச்சிக்கிட்டு இருப்பாரு, அவரத் தேடிப் பிடிங்க.

போன வாரம் அம்மிச்சி போன் பண்ணாங்க. அடுத்த மாசம் பொள்ளாச்சியில எங்க எல்லாருக்கும் விருந்து, அரிசிம்பருப்பு சாதமும் ஒப்பிட்டும் (நம்ம போளிதான்) அவங்க கையாலயே செய்யிறாங்களாம். எல்லாம் பேசி முடிச்சிட்டு கடைசியா, “ஏன் கண்ணு, அந்த டோலக்குக்காரரு நம்பர் இருக்குதா? அவரு பாடுன அழகர் பாட்டுக்கு பதில் ஒண்ணு ரெடி பண்ணி வச்சிருக்கறேன்”னாங்க. நம்பர் அனுப்பிட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.